சாமியாரைப் பார்த்துச் சிரித்த சிம்மாசனங்கள்

கெடாரில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் சாமியார் புரட்டுகளைப் பற்றி நாம் பேசி முடித்தவுடன், நன்றாகப் படித்த நண்பர் ஒருவர் எழுந்து நின்று, நம்மை மடக்கிவிடுவதாக எண்ணிக்கொண்டு ஒரு கேள்வி போட்டார். "காவி வேஷத்தின் வண்டவாளத்தை என்னமோ நீங்கள்தான் முதன்முதல் கண்டுபிடித்தவர்போல் பேசுகிறீர்களே! 1400 வருஷத்துக்கு முன்னாலேயே நம் மகேந்திரவர்ம பல்லவன் சாமியார்களைக் கேலி செய்து நாடகமே எழுதி வைத்திருக்கிறானே. சீமையில் ஷேக்ஸ்பியர் எழுதினான், பிரெஞ்சுக்காரன் எழுதினான். அவற்றையெல்லாம் ராஜாக்களே உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ராஜாவே சிரித்திருக்கும்போது, அந்தக் காலத்து அதிகாரத்தை அக்கிரம அதிகாரம் என்று நீங்கள் சொல்லலாமா?" என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் கையும் தட்டினார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று இரண்டொரு வார்த்தைகளில் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. அதற்குள் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஆகவே அதை இங்கு விவரமாகவே எடுத்துக்கொள்ளுகிறோம்.

ராஜாக்கள் சிரித்தது உண்மை. நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பதெல்லாம், அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் போய் நின்றது, நாடகம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதுதான். இந்த மூன்றையும் பார்க்காமல் கைதட்டுவது, திருடன் ஜேப்படித் திருடனைக் காட்டிக்கொடுத்ததற்காக அவனுக்கு மாலை போடுவது போன்றதேயாகும்.

பல்லவன் எழுதிய கேலி

முதலில் நம் ஊர்ச் சங்கதியைப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பாதையில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் செய்வித்த கோயிலை நம் பக்கத்துத் தோழர்கள் பலர் பார்த்திருப்பார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல் பிரமன், சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை எடுப்பித்தேன் என்று அவன் கல்வெட்டு வைத்திருக்கிறான். அதில் ராஜாவின் பட்டப்பெயர் இருக்கிறது. மூன்று சாமிகளின் பெயர் இருக்கிறது. உளி பிடித்து அந்தப் பாறையை உடைத்தவன் பெயர் மட்டும் இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

அதே மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதுதான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம். 1917-ம் வருஷம் திருவனந்தபுரத்தில் அது அச்சாகி வெளிவந்தது. கதை நடப்பது காஞ்சீபுரத்தில். சத்தியசோமன் என்கிற காபாலிகனும் அவனுடைய கூட்டாளி தேவசோமாவும் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள். கள்ளுக்கடையைப் பார்த்தால் அவனுக்கு யாகசாலை மாதிரி தோன்றுகிறது. அப்படியே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் புகழ்கிறான். பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணோம் என்று அப்புறம்தான் தெரிகிறது. அதிலே வறுத்த இறைச்சி வேறு இருந்ததாம். ஆகவே எடுத்தது நாயாக இருக்கவேண்டும், அல்லது புத்த பிக்ஷுவாக இருக்கவேண்டும் என்று அவன் தீர்மானிக்கிறான்!

அந்தச் சமயம் பார்த்து நாகசேனன் என்ற பிக்ஷு வருகிறான். ஒரு வியாபாரி வீட்டில் மீனும் இறைச்சியுமாக விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவன். அவனுக்கு ஒரு பெரிய தத்துவக் கவலை. நல்ல வீடு, நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு எல்லாவற்றையும் அனுமதித்த கருணாமூர்த்தியான புத்தர், கள்ளையும் பெண்ணையும் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா? ஒருகாலும் இருக்காது. வயதான பிக்ஷுக்கள் வாலிபர்கள்மீது பொறாமைப்பட்டு அந்தப் பகுதியை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டிருக்கவேண்டும். அசல் ஏட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். இருவருக்கும் சண்டை வருகிறது. மத்தியஸ்தம் செய்ய வருகிற பாசுபதனுக்கோ தேவசோமாவின் மேல் ஒரு கண். கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பிடுங்கிய மண்டையோட்டைக் கொண்டுவந்து சேர்க்க, சண்டை தீர்ந்துவிடுகிறது.

கேலி நல்ல கேலிதான். காபாலிகன், பிக்ஷு, பாசுபதன் மூவருக்கும் சாட்டையடி விழுந்திருக்கிறது. இன்றைக்கு ஒருவன் எழுதினாலும் மனம் புண்பட்டுவிட்டது என்று பத்துப்பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். அதனால்தான் நண்பர் பெருமைப்படுகிறார். நிற்க.

அந்த நாடகத்தின் நடுவே ஓர் இடம் வருகிறது. வழக்கை நியாய ஸ்தலத்துக்குக் கொண்டுபோவோம் என்று பேச்சு எழுகிறது. உடனே தேவசோமா சொல்லுகிறாள்: அப்படியானால் நாம் தொலைந்தோம், இந்தப் பிக்ஷுவுக்குப் பல விகாரங்களின் சொத்து இருக்கிறது, அதை வைத்து நியாயாதிபதிகளின் வாயை நிரப்பிவிடுவான், சாம்பலைத் தவிர வேறொன்றுமில்லாத நம்மிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவள் பேச்சின் சாரம். மதத்தின் பணம் நியாயத்தை விலைக்கு வாங்கும் என்பதை அந்த நாடகத்தில் பளிச்சென்று சொன்னவள் குடித்திருக்கிற ஒரு பெண்!

சரி, அந்த நியாய ஸ்தலம் யாருடையது? காஞ்சீபுரத்தில் நியாயாதிபதியை வைத்தவன் யார்? நாடகத்தை எழுதினானே, அந்த மகேந்திரவர்மனே அல்லவா? லஞ்சம் வாங்குகிற நியாயாதிபதி மேடைக்கு வந்தானா? வரவில்லை. அவனை வைத்த ராஜா வந்தானா? வரவில்லை. வந்ததெல்லாம் பிச்சைக்காரச் சாமியார்களும் ஒரு பைத்தியக்காரனுந்தான். அதுமட்டுமல்ல, நாடகத்தின் கடைசியில் வாழ்த்து வருகிறது. யாரை வாழ்த்துகிறது? அந்த ராஜாவையே, அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்றைச் சொல்லி வாழ்த்துகிறது. ராஜா எழுதின நாடகத்தில் ராஜாவே தனக்கு வாழ்த்துப் போட்டுக்கொண்டான்!

இன்னும் பாருங்கள். அப்பரைச் சுண்ணாம்பு அறையில் போட்டதாகப் பெரியபுராணம் கூறும் பல்லவ அரசன் இந்த மகேந்திரவர்மன்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அவன் பிறகு சைவனாகி, சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லைக்கொண்டு திருவதிகையில் கோயில் கட்டினான் என்றும் அதே புராணம் பெருமையாகச் சொல்லுகிறது. புராணத்தை நாம் சரித்திரமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதை நம்புகிறவர்களைக் கேட்கிறோம்: ராஜா ஒரு மதத்தில் இருந்தபோது இந்த மதத்தானுக்கு அடி, அந்த மதத்துக்குப் போனபோது இவனுக்கு இடி என்று இருந்தானே, அதைப்பற்றி எவனாவது ஒரு கேலி நாடகம் எழுதி அரண்மனையில் ஆட முடிந்திருக்குமா?

அந்தக் கேலிக்குப் பிற்காலத்தில் வந்த கதியையும் கேளுங்கள். மலையாள நாட்டில் சாக்கியார்கள் இந்த நாடகத்தைக் கோயில்களில் ஆடி வந்தார்கள். எதற்காக? பிள்ளைவரம் வேண்டுகிறவர்களின் நேர்த்திக்கடனாக! சாமியார் புரட்டைக் கேலி செய்த நாடகமே சாமிக்குச் செலுத்தும் காணிக்கையாகிவிட்டது. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளினால் இப்படித்தான் முடியும்.

சீமை ராஜா பார்த்த நாடகம்

இனி சீமைக்குப் போவோம். ஐரோப்பாவில் ஏறக்குறைய 14-ம் நூற்றாண்டு முதல் 17-ம் நூற்றாண்டுவரை நடந்ததை 'மறுமலர்ச்சிக் காலம்' என்கிறார்கள். பழைய நூல்களைப் புதிதாகப் படித்தார்கள். பாதிரிமார் சொன்னதே வேதம் என்பது ஆட்டங்கண்டது. நாடகமும் ஓங்கி வளர்ந்தது. ஷேக்ஸ்பியர் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய 'மெஷர் பார் மெஷர்' என்ற நாடகம் 1604-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி லண்டனில் ஜேம்ஸ் ராஜாவின் அரண்மனையில் ஆடப்பட்டது.

கதை வியன்னா நகரத்தில் நடக்கிறது. ஆளும் பிரபு, தான் வெளியூர் போவதாகச் சொல்லி, ஆஞ்செலோ என்பவனிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையில் சன்னியாசி வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளேயே சுற்றுகிறான். ஆஞ்செலோ பரம யோக்கியன் என்று பெயரெடுத்தவன். வந்தவுடன், தூசி படிந்து கிடந்த ஒரு பழைய சட்டத்தைத் தட்டி எடுத்து, சடங்கு முடியுமுன் தன் காதலியைக் கர்ப்பமாக்கினான் என்பதற்காகக் கிளாடியோ என்கிற வாலிபனுக்கு மரண தண்டனை விதிக்கிறான். ஊருக்கு வெளியே இருக்கும் விபசார விடுதிகளையெல்லாம் இடிக்க உத்தரவாகிறது. ஊருக்குள் இருப்பவை மட்டும் தப்புகின்றன. ஏனென்றால் ஒரு பெரிய மனிதர் அவற்றுக்காகச் சிபாரிசு செய்துவிட்டாராம்! நம் ஊர் முனிசிபாலிட்டிச் சங்கதி மாதிரியே இருக்கிறதா, இல்லையா?

கிளாடியோவின் தங்கை இசபெல்லா கன்னியாஸ்திரீ மடத்தில் சேரப் போகிறவள். அண்ணன் உயிருக்காக ஆஞ்செலோவிடம் போய் மன்றாடுகிறாள். அந்தப் பரம யோக்கியன் கேட்கிற விலை என்ன? அவளுடைய உடம்பு. 'இதை ஊருக்கெல்லாம் சொல்லுவேன்' என்று அவள் பொங்கி எழுந்தபோது, 'உன்னை யார் நம்புவார்கள்? என் பெயர் என்ன, என் அந்தஸ்து என்ன?' என்ற அர்த்தத்தில் அவன் பதில் சொல்லுகிறான்.

தோழர்களே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். வேஷக்காரனுடைய பலம் அவன் நெற்றியில் பூசியிருப்பதிலும் இல்லை, மேலே போர்த்தியிருப்பதிலும் இல்லை. 'உன்னை யார் நம்புவார்கள்?' என்கிற அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மடத்துக்குள் மானமிழந்த பெண்ணைப் பார்த்துக் கேட்கப்படுவது அதுவே. சம்பளத்தில் பங்கு கேட்கும் மேலதிகாரி கீழே வேலை செய்கிறவனைப் பார்த்துக் கேட்பதும் அதுவே. புரட்டு பொய்யினால் மட்டும் உயிர்வாழ்வதில்லை. கேட்க நாதியில்லை என்கிற தைரியத்தினால்தான் உயிர்வாழ்கிறது.

அப்புறம் என்ன நடக்கிறது? சன்னியாசி வேஷத்திலிருக்கும் பிரபு ஒரு தந்திரம் செய்கிறான். சீதனம் கப்பலோடு மூழ்கிப்போனதற்காக ஆஞ்செலோ முன்பு கைவிட்ட மரியானா என்னும் பெண்ணை, இருட்டில் இசபெல்லாவுக்குப் பதிலாக அனுப்புகிறான். காரியம் முடிந்தபின்பும் ஆஞ்செலோ சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாமல் கிளாடியோவின் தலையை வெட்டச் சொல்லுகிறான். சிறையில் செத்துப்போன வேறொரு கொள்ளைக்காரனின் தலையைக் காட்டிச் சமாளிக்கிறார்கள். கடைசியில் பிரபு தன் வேஷத்தைக் கலைத்து வருகிறான், எல்லாம் வெட்டவெளிச்சமாகிறது. ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.

ஆனால் முடிவை உற்றுப் பாருங்கள். நகர வாசலில் எல்லோர் முன்னிலையிலும் இசபெல்லா புகார் சொன்னபோது அவளுக்குப் பைத்தியம் என்று சொல்லி முதலில் அவளைத்தான் சிறைக்கு இழுக்கச் சொன்னார்கள். அந்த உத்தரவைப் போட்டதும் உண்மை முழுவதும் தெரிந்திருந்த அதே பிரபுதான். ஆஞ்செலோவுக்குக் கிடைத்தது மன்னிப்பும் ஒரு கல்யாணமும். அந்தப் பழைய சட்டத்தைத் தூங்கவிட்டவன் பிரபு. தான் கடுமை காட்டினால் தனக்குக் கெட்ட பெயர் என்று அதை இன்னொருவன் கையால் நடத்த ஏற்பாடு செய்தவனும் பிரபு. அவனை யாராவது ஏன் என்று கேட்டார்களா? இல்லை. அவன் கடைசியில் இசபெல்லாவையே கல்யாணத்துக்குக் கேட்கிறான். மடத்துக்குப் போக இருந்த பெண்ணைப் பார்த்து, அவளுடைய அண்ணன் உயிரைத் தன் கையில் வைத்திருந்த ஆட்சித் தலைவன் கேட்கிறான். அவள் அதற்குப் பதிலாக ஒரு வார்த்தையும் பேசுவதாக நாடகத்தில் இல்லை.

ஷேக்ஸ்பியரை நாம் குறைசொல்லவில்லை. அந்த மௌனத்தை அங்கே வைத்தவரும் அவரே. ராஜா முன்னால் அதற்குமேல் அவர் என்ன செய்யமுடியும்? அந்த நாளில் எந்த நாடகமும் மேடையேறுமுன் அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் படித்துப் பார்த்து அனுமதி தரவேண்டும். குற்றம் கட்டுண்ட நாடகாசிரியனுடையதல்ல, கட்டிவைத்தவனுடையது.

போப் சிரித்தார், பிரெஞ்சு ராஜாவும் சிரித்தான்

இதற்கு முன்பே இத்தாலியில் மாக்கியவெல்லி 'மாந்திரகோலா' என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் திமோத்தேயோ என்கிற பாதிரி, பணத்தை வாங்கிக்கொண்டு, பதிவிரதையான ஒரு பெண்ணுக்கு வேதத்திலிருந்தே நியாயம் எடுத்துக்காட்டி, அவளைக் கணவனல்லாத ஒருவனுடன் சேர இணங்க வைக்கிறான். பணம் வாங்கிப் பாவத்தைப் புண்ணியமாக்கும் அந்தப் பாதிரியைக் கண்டு ரோம் நகரில் சிரித்தவர் யார் தெரியுமா? பத்தாம் லியோ என்கிற போப்! 1520-ம் வருஷத்தையொட்டி அவர் அதை ரோமில் ஆடச் செய்தார். அந்த லியோவின் காலத்தில்தான் ரோமில் பெரிய மாதாகோவில் கட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. 1517-ல் ஜெர்மனியில் லூதர் அதை எதிர்த்துக் கிளம்பினார். சீட்டு விற்கிற கடைக்குச் சொந்தக்காரர், சில்லறைக்கு விற்கிற பாதிரியைப் பார்த்துச் சிரித்தார். கேட்ட லூதருக்கு என்ன கிடைத்தது? 1521-ல் மதத்தைவிட்டு நீக்கம் கிடைத்தது.

மறுமலர்ச்சிக் காலம் முடிந்தபின் பிரெஞ்சு நாட்டில் மோலியேர் 'தார்த்யூப்' எழுதினார். பக்தி வேஷம் போட்டு ஒரு பணக்காரன் வீட்டில் நுழைந்த போலி, அவன் சொத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு அவன் மனைவியிடமும் கைநீட்டுகிற கதை. 1664-ம் வருஷம் பதினான்காம் லூயி ராஜாவின் முன் ஆடினார்கள். ராஜாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மதவாதிகள் கூச்சல் போட்டார்கள். பொது ஜனங்களுக்கு ஆடக்கூடாது என்று தடை வந்தது. 1669-ல்தான் தடை நீங்கியது. அப்படி வெளிவந்த நாடகத்தின் முடிவு என்ன? குடும்பமே தெருவில் நிற்கப்போகிற கடைசி நிமிஷத்தில் ராஜாவின் உத்தியோகஸ்தன் வந்து, எல்லாம் அறிந்த மகாராஜாவின் கருணையினால் போலியைக் கைது செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறான்! அந்த எல்லாம் அறிந்த மகாராஜா 1685-ல் புராட்டஸ்டண்டு மதத்தாருக்கு இருந்த வழிபாட்டுரிமையையே ரத்து செய்தான். எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் நாட்டைவிட்டு ஓடின. ஒரு வீட்டைக் காப்பாற்றியது நாடகத்தில். பல ஆயிரம் வீட்டைக் காலிசெய்தது நிஜத்தில்.

இப்போது வாசகர்கள் இந்த எல்லாக் கதைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வேஷம் கலைகிறது. ஆனால் நியாயம் எங்கிருந்து வருகிறது? எப்போதும் மேலேயிருந்து வருகிறது. ஒரு பிரபு மறைந்திருந்து வருகிறான். அல்லது ராஜாவின் ஆள் வருகிறான். பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது உரிமை அல்ல, கருணை. கருணை கொடுக்கிறவனுக்கு நாளைக்கு மனமில்லாவிட்டால்? அந்தக் கேள்வியை எந்த அரண்மனை நாடகமும் கேட்க விடப்படவில்லை.

சிரிப்பு நாற்காலியைத் தொட்டபோது

விட்டார்களா இல்லையா என்று கெடார் நண்பர் சந்தேகப்படலாம். அதற்கும் சாட்சி இருக்கிறது. பென் ஜான்சன் என்கிற நாடகாசிரியர் 1597-ல் ஒரு நாடகத்துக்காகச் சிறையில் கிடந்தார். மறுபடியும் 1605-ல், ஜேம்ஸ் ராஜாவின் சொந்த நாட்டாரான ஸ்காட்லாந்துக்காரர்களைக் கேலிசெய்து நாடகத்தில் வந்த சில வார்த்தைகளுக்காகத் தோழர் சாப்மனுடன் சிறைக்குப் போனார். ஆஞ்செலோவைப் பார்த்து ராஜா களித்தது 1604 டிசம்பர்; தன் ஆட்களைத் தொட்டவுடன் சிறை 1605. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

நம் நாட்டிலும் இதே கதைதான். வங்காளத்தில் அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் குடியானவர்களைப் படுத்திய பாட்டைத் தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல தர்ப்பண்' என்ற நாடகமாக எழுதினார். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்கிற பாதிரியாருக்கு 1861-ல் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அடித்த துரைக்கு அபராதமில்லை. அடித்ததை அச்சிட்டவருக்கு அபராதம்! 1876-ல் சீமை இளவரசர் கல்கத்தாவுக்கு வந்த வைபவத்தையும் அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்திலேயே வரவேற்ற ஒரு பெரிய மனிதரையும் ஒரு நாடகம் கேலி செய்தது. உடனே அந்த வருஷமே நாடகச் சட்டம் பிறந்தது. வெள்ளைக்காரன் 1947-ல் போனான். அந்தச் சட்டம் 2018-ல்தான் ஏட்டைவிட்டு நீங்கியது. சென்னை சர்க்காரோ சுயராஜ்யம் வந்தபின் 1954-ல் தனக்கென்று தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனதில் வைத்தே அது செய்யப்பட்டது என்று அப்போதே பலரும் பேசினார்கள். துரை போய்த் தோழர் வந்தாலும் நாற்காலிக்குக் கூச்சம் போகவில்லை.

நம் தெருக்கூத்து

பெரிய மனிதர்கள் கதை போகட்டும். நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கே வருவோம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். ராஜா வேஷம் வந்து நின்றவுடன், 'யாரையா நீ? இவ்வளவு பெரிய கிரீடம் எதற்கு?' என்று கேட்கிற கட்டியக்காரன் நமக்குத் தெரியாதவனல்ல. அவனும் அரண்மனை நாடகத்து விதூஷகனும் ஒரே ஜாதி. நாமும் சிறுவயதில் விடிய விடியப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்தது. அன்று துகிலுரிதல். கட்டியக்காரன் துரியோதனனைப் படாதபாடு படுத்தினான். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் கட்டியக்காரன், 'ராஜாவே, சூதாடித் தோற்ற பணம் உன் பணமா, திருவிழாவுக்கு வசூல் செய்த பணமா?' என்று கேட்டுவிட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாற்காலி மட்டும் சிரிக்கவில்லை. விடிந்ததும் பேசின கூலியில் ஒரு பகுதி பிடித்தம். காரணம் கேட்டதற்கு, 'ஆட்டம் சரியில்லை' என்று பதில். இரவெல்லாம் ராஜாவைக் கேள்வி கேட்டவன் காலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை நம் கண்ணால் பார்த்தோம். கொல்லென்று சிரித்தோமே, எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த இரவில் திரௌபதி வேஷக்காரர் சபையைப் பார்த்துக் கேட்டார்: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை? இசபெல்லா கேட்டதும் தேவசோமா கேட்டதும் இந்தக் கேள்வியைச் சேர்ந்ததே. சபையிலிருந்த பீஷ்மனும் துரோணனும் நியாயம் சொல்லவில்லை. அப்புறம் என்ன? மேலேயிருந்து சேலை வந்தது! கேள்விக்குப் பதில் வரவில்லை, சேலைதான் வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அந்தத் திரௌபதிக்குக் கட்டிய கோயிலின் கதையையும் சொல்லிவிடுகிறோம். நம் விழுப்புரம் ஜில்லாவில் மேல்பாதி கிராமத்தில், 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்துத் திருவிழாவின்போது திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன ஆதிதிராவிடத் தோழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். தகராறு முற்றி ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். கோர்ட்டு உத்தரவின்பேரில் 2024-ல் பூஜைக்கு மட்டும் திறந்தார்கள். நமக்குக் கோயிலிலும் நம்பிக்கையில்லை, அம்மனிலும் நம்பிக்கையில்லை. ஆனால் மனிதனை மனிதன் வாசலில் நிறுத்துவதை நாம் பொறுப்பதற்கில்லை. சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறவர்கள், அவள் வாசலிலேயே இன்னொருவனை அவமானப்படுத்துகிறார்கள் என்றால், இத்தனை வருஷம் கூத்துப் பார்த்ததில் அவர்கள் கற்றுக்கொண்டது என்ன? துச்சாதனனைப் பார்த்துக் காறித் துப்பக் கற்றுக்கொண்டார்கள். தாங்கள் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ளக் கற்கவில்லை.

நாம் செய்யவேண்டியது

ஆகவே கெடார் நண்பருக்கு நம் பதில் இது. ராஜா சிரித்ததால் அந்த ராஜ்யம் தாராளமான ராஜ்யம் ஆகிவிடாது. சில்லறை வேஷக்காரனைக் காட்டிக் கொடுத்தால் மொத்த வியாபாரிக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. அதற்காகவே அரண்மனைகள் அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுத்தன. ஒரு போலிச் சாமியார் பிடிபட்டவுடன், 'இவன் போலி. அசல் வேறே இருக்கிறது' என்று மற்ற சாமியார்கள் சொல்லுகிறார்களே, அதுவும் இதே வியாபாரந்தான். ஒரு உத்தியோகஸ்தர் லஞ்சத்தில் அகப்பட்டால், 'ஒருவர் செய்ததற்கு எல்லோரையும் சொல்லலாமா?' என்று கேட்பதும் இதே வியாபாரந்தான். போலி பிடிபட்டதா என்பதல்ல கேள்வி. கேட்பாரில்லாத அதிகாரத்தை அவனுக்குக் கொடுத்தது யார், இனிமேலாவது அதைக் கேட்க வழி உண்டா என்பதுதான் கேள்வி.

இதை ஊராருக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் மனைவியின் வாயை அடக்குகிற தோழர் நம்மில் இல்லையா? ஜாதி ஒழிப்புப் பேசிவிட்டுத் தன் மகள் கல்யாணத்தில் மட்டும் ஜாதி பார்க்கிறவர் இல்லையா? இயக்கத்துக்கென்று வசூல் செய்த காசுக்குக் கணக்குக் கேட்டால் கோபிக்கிறவர் இல்லையா? அவர்களும் ஆஞ்செலோக்கள்தான். கறுப்புச் சட்டையும் போர்த்திக்கொண்டால் காவியைப்போல ஒரு வேஷமாகிவிடும். ஆதலால் நம்மைக் கேள்வி கேட்கிறவனை விரோதி என்று சொல்லுவதை நாம் முதலில் விடவேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில் ஒரு ஏழைப் பெண் ஒரு பெரிய மனிதர்மேல் புகார் சொன்னால், அவளுக்குப் பைத்தியம் என்று மற்றவர்கள் சொல்லுமுன் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். புகாரை எழுத்தில் எழுதச் செய்யுங்கள். ரசீது வாங்கச் செய்யுங்கள். விசாரணை நடக்கிறவரையில் விடாதீர்கள். கோயில் கணக்கோ, கூட்டுறவுச் சங்கக் கணக்கோ, நம் இயக்கக் கணக்கோ எதுவானாலும் பொதுவில் படிக்கச் சொல்லுங்கள். கட்டியக்காரன் கூலியைப் பிடித்தால், ராத்திரி சிரித்தவர்கள் எல்லோரும் காலையில் அவனோடு போய்க் கேளுங்கள். வேஷம் போட்டுக்கொண்டு எந்தப் பிரபுவும் நம் தெருவில் ஒளிந்திருக்கவில்லை. எந்த ராஜாவின் ஆளும் கடைசி நிமிஷத்தில் வரப்போவதில்லை. மேலேயிருந்து சேலை விழப்போவதுமில்லை.

மற்றபடி நாடகம் பாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது முன்வரிசை நாற்காலியையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அந்த நாற்காலி எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறதோ, அந்த இடத்திலிருந்துதான் நம் வேலை ஆரம்பமாகிறது.